சட்டத்துக்குள் ஒரு விரல் அகலம்

முத்துவேல் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மணப்பெண்ணின் மூக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். யன்னலோரம் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, கூரிய பென்சிலால் அவளுடைய மூக்கின் நிழலைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். படங்களுக்குச் சட்டம் அடிக்கும் காசிம் நானா படியேறி வந்தார். அலவத்துகொடைக்காரர், திருகோணமலை வீதியில் என் ஸ்டூடியோவுக்குக் கீழேதான் அவர் கடை. மூச்சு வாங்க நின்றார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாஸ்டர் போயிட்டார் தம்பி. சுபஹு தொழுகைக்குப் பொறகுதானாம். நெஞ்சு வலிக்கிதுன்டு செல்லீக்கிறார். தேத்தண்ணி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

என் கை இழுபட்டு அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. எவ்வளவு திருத்தியும் அது முழுதாகப் போகவில்லை. அவள் வீட்டுப் படத்தில் இன்றும் இருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தச் செய்தி என்னை எவ்வளவு உலுக்கியது என்பதற்கு அந்தக் கீறல் சாட்சி. இனிமேல் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, இவன் அவர்மேல் அன்பில்லாதவன் என்று யாரும் சொல்லக் கூடாது.

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான்தானாம். அது உண்மை. கண்டியில் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் அவர் தீட்டிய படம் தொங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவர் அதற்கு முன்னால் என் கமராவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர். நான் பிடிப்பேன், அவர் தீட்டுவார். இப்படி எத்தனையோ வருடம். செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு நான் உட்படப் போவதில்லை. விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்தோடு எழும்பிப் போகலாம். நான் கோபிக்க மாட்டேன்.

அவர் ஹுன்னஸ்கிரியா தோட்டத்தில் பிறந்தவர். தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டிகளுக்குத் தோட்டத்தின் பெயர் எழுதும் வேலையில் தூரிகை பிடித்தவர். கண்டிக்கு வந்து கட்டுக்கலைப் பக்கம் ஒரு வீடு எடுத்து, அதன் முன்னறையைத் தன் பட்டறையாக்கினார். அந்த அறையை உங்களில் சிலர்தான் உள்ளே போய்ப் பார்த்திருப்பீர்கள். யன்னலைப் பலகையால் முழுக்க அடைத்து, நடுவில் ஒரு சதுரத் துவாரம் விட்டிருப்பார். வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்வாகக் கட்டியிருக்கும். வெயில் அதில் பட்டு, துவாரத்தில் செருகிய என் தகட்டினூடாகவும் ஒரு வில்லையினூடாகவும் நுழைந்து, எதிர்ச் சுவரில் குத்திய காகிதத்தில் விழும். அங்கே ஓர் ஆள் தோன்றுவார், கறுப்பு முகமும் வெள்ளை மயிருமாய். எதிர்த்தகட்டில் கறுப்பு வெள்ளை எல்லாம் தலைகீழ்தானே. மற்றவர்களுக்கு அது பேய். அண்ணைக்கு அது ஆள். சுவரோடு ஒட்டி நின்று பென்சிலால் கோடு இழுப்பார். கண்டி வெயிலை நம்ப முடியாது. காலையில் பனி, பிற்பகலில் மழை. இடையில் வெயில் வந்தால் சோறு ஆறினாலும் நகரமாட்டார்.

கோடு முடிந்ததும் தகட்டைக் கழற்றி உறையில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிறத்துக்கு வீட்டாரை அழைப்பார். மாநிறமா, சிவப்பா என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் கேட்கும் கேள்விகளே வேறு.

ஹுன்னஸ்கிரியாவிலிருந்து ஒரு கங்காணி வந்தார். தாய் இறந்துவிட்டாள். அவளுக்கு என்று தனியாக ஒரு படம் கிடையாது. தொழிற்சாலைக்கு முன்னால் நான் எடுத்த பெரிய கூட்டப் படத்தில், பின்வரிசையில், இன்னொருத்தியின் தோளுக்குப் பின்னால் அவளுடைய பாதி முகம் இருந்தது. அதுவும் ஒரு மிளகு அளவு. முத்துவேல் அண்ணை அதைச் சுவரில் விழுத்திப் பார்த்துவிட்டு, கங்காணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒங்கம்மாவுக்குக் கோவம் வந்தா மொதல்ல எங்க செவக்கும்?"

கங்காணி யோசித்தார். பிறகு தன்னுடைய வலது காது மடலைத் தொட்டுக் காட்டினார்.

படம் முடிந்த நாளில் நான் அங்கே இருந்தேன். முழு முகமும் வந்திருந்தது. காது மடலில் மட்டும் மெல்லிய சிவப்பு. கங்காணி படத்தைப் பார்த்தார், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், "ஆத்தா கோவமா இருக்கு" என்றார். பெரிய மீசை வைத்த மனிதர், விம்மி விம்மி அழுதார். அந்தக் காதைப் பார்த்த அன்றுதான் நான் முத்துவேல் அண்ணையை முழுதாக நம்பினேன். அப்படி ஒரு கை இலங்கையில் வேறு யாருக்கும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது.

அன்று அந்தக் கூட்டப் படத்தின் தகட்டைத் திருப்பிக் கேட்டேன். எங்கள் தொழிலில் தகடுதான் முதுசம். காகிதப் படம் மங்கும், பூச்சி அரிக்கும். தகடு இருந்தால் எத்தனை தடவையும் எடுக்கலாம். அவர் சிரித்தார். "ஊரு வந்து சேந்த பொறகு வண்டி எதுக்கு தம்பி?" என்றார். நான் முகம் சுளித்ததைக் கண்டு, "சும்மா சொன்னேன். பத்திரமா இருக்கு" என்று என் தோளைத் தட்டினார்.

பிறகு ஒரு மாரியில் என் மேல்மாடி ஒழுகியது. தகடுகளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அண்ணை தாமாகவே சொன்னார்: "எங்க வீட்ல அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரு எப்பவும் காஞ்சிருக்கும். அங்கன ஒரு தட்டு அடிச்சித் தர்றேன். கொண்டாந்து வைங்க." நான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அவர் வீட்டில் அடுக்கினேன். கண்டியின் முகங்கள் முழுவதும் அந்தத் தட்டில் இருந்தன. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று இன்று சொல்கிறேன். அன்று நன்றி சொல்லிவிட்டு, அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

என் மனைவி கமலத்தை உங்களில் பலருக்குத் தெரியும். படம் பிடிக்கிறவன் வீட்டில் படம் இருக்காது. கலியாணமாகி நெடுநாளுக்குப் பிறகுதான் ஒருநாள் அவளைப் பெரிய கமராவுக்கு முன் கதிரையில் இருத்தினேன். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, தகட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கறுப்புத் துணி என் தலையோடு சிக்கி முகத்தை மூடிக்கொண்டது. கமலம் சொன்னாள், "முக்காடு போட்ட பொம்பிளை மணவறைக்கு வாறா!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் வந்தது. அந்தச் சிரிப்போடேயே கமராவின் ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன்.

மருந்தில் போட்டு எடுத்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் பதறிப்போனாள். "ஐயோ, பல்லெல்லாம் தெரியுது. இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. ஆரேன் பாத்தா என்ன நினைப்பினம்?" காகிதத்தில் படமாக எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேறொரு நாள் அடக்கமாக இருந்து எடுப்பம் என்றாள். அந்த வேறொரு நாள் வரவில்லை. மலேரியாக் காய்ச்சல் பரவிய வருடம் அவளைக் கொண்டுபோய்விட்டது. என்னிடம் இருந்தது அந்த ஒரு தகடு மட்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் தகட்டை எடுத்துக்கொண்டு கட்டுக்கலைக்குப் போனேன். நானாகக் காகிதத்தில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கை முறிக்க அந்த நாட்களில் மனம் வரவில்லை. அண்ணை தீட்டினால் அது காகிதத்தில் எடுத்ததாகாது, அவள் கோபிக்கமாட்டாள் என்று ஒரு கிறுக்கு நியாயம்.

வெயில் வந்தது. கமலம் சுவரில் விழுந்தாள். வெள்ளைக் கூந்தல், கறுப்புப் பற்கள், வாய் நிறையச் சிரிப்பு. அண்ணை பென்சிலோடு அசையாமல் நின்றார். நெற்றி, புருவம், மூக்கு, தாடை எல்லாம் இழுத்தார். வாயைத் தொடவில்லை. "வாய அப்பறமாப் பாத்துக்குவோம்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவுங்களுக்குச் சிரிப்பு வந்தா மொதல்ல எங்க தெரியும் தம்பி?"

"கால் விரலிலை, அண்ணை. ஐஞ்சு விரலையும் உள்ளுக்குச் சுருட்டுவா. பிறகுதான் வாய் சிரிக்கும்."

தலையாட்டினார். மேகம் வந்து வெயில் மறைந்தது. சுவரில் வெறும் காகிதம் இருந்தது. கமலம் சிரிப்பதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அவர் கொடுத்த படத்தில் கமலம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மார்புவரை படம், தோளில் பட்டுச் சேலை, கழுத்தில் அவள் ஒருநாளும் போடாத அட்டியல். பார்வை தூரத்தில். காசிம் நானா அடித்த சட்டம், மேலே பளிச்சென்று கண்ணாடி. வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு கோயில் தர்மகர்த்தாவின் மனைவி மாதிரி இருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது.

"இது கமலம் இல்லை, அண்ணை" என்றேன்.

"சிரிச்ச மொகத்துக்கு மாலை போட முடியுமா தம்பி?" என்றார். சாந்தமாகத்தான் சொன்னார். "நாளைக்கு வெளக்கு வைக்கணும், பூப் போடணும். பல்லக் காட்டிக்கிட்டு இருக்கிற படத்துக்கு முன்னால எப்புடி நிப்பீங்க? நீங்க தாங்கமாட்டீங்க."

"தாங்கிறது என்ரை பாடு. தகட்டைத் தாங்கோ."

"தேடித் தர்றேன்" என்றார்.

அந்தத் தேடல் அவர் சாகும்வரை முடியவில்லை. தீபாவளிக்குப் போனால் தட்டைத் துப்புரவாக்கும்போது பார்க்கிறேன் என்பார். பொங்கலுக்குப் போனால் எந்த உறையில் வைத்தேன் என்று ஞாபகமில்லை என்பார். நானே ஏறித் தேடுகிறேன் என்றால், "ஏன், எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எவன் ஏணி வைப்பான்? ஒவ்வொரு தடவையும் முடிவில் அதே சொல்: "பத்திரமா இருக்கு." நானும் வீட்டுக்கு வந்து, அந்தத் தெரியாத பெண்ணுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மாலையும் போட்டேன். அவர் சொன்னது சரிதான், அந்த முகத்துக்கு மாலை நன்றாகவே பொருந்தியது.

கருமாதி முடிந்த அன்று அவர் மனைவி பாக்கியம் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். "அவரு சாமானுல ஒங்களுது ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கங்க தம்பி." நான் ஏணியை வைத்து ஏறினேன். முதல் பெட்டியைத் திறந்து ஒரு தகட்டை உருவி யன்னலுக்கு நேரே பிடித்தேன். அதனூடாக யன்னல் தெரிந்தது, முற்றத்துக் கொய்யா மரம் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அடுத்ததை உருவினேன். அதுவும் வெறும் கண்ணாடி. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. துடைத்து வைத்த கண்ணாடிகள், ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் காகிதம் வைத்து, என்ன ஒழுங்கு!

"அக்கா, இதிலை இருந்த படங்கள் எங்கை?"

"அதெல்லாம் நாந்தான் தம்பி கழுவுவேன்" என்றார் அக்கா, வெகு சாதாரணமாக. "வெந்நீல சோடா போட்டு ஊற வச்சா தோலு மாதிரி உரிஞ்சி வந்துரும். படத்துக்குக் கண்ணாடி வெளிய வாங்க வேண்டியதில்ல பாருங்க. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யிறேன்னாரு. சொல்லலியா?"

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தீட்டும் காகிதத்தின் அளவும் என் பெரிய கமராவின் தகட்டின் அளவும் ஒன்றாக இருப்பதை நான் தற்செயல் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். உங்கள் வீட்டுச் சுவர்களில் அவர் படங்களுக்கு முன்னால் மின்னும் கண்ணாடி எல்லாம் நான் பிடித்த முகங்களின் கண்ணாடி. வேலியே பயிரை மேய்ந்ததோடு நிற்கவில்லை. மேய்ந்த பயிரைக் கொண்டே தனக்கு வாசற்கதவும் கட்டிக்கொண்டது. ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் ஒன்றும் மிஞ்சக் கூடாது, அவர் தீட்டியதே ஆளாக இருக்க வேண்டும். வண்டி எதுக்கு என்று அவர் கேட்டது விளையாட்டு இல்லை.

"கமலத்தின்ரை தகடு?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ விளங்கியது போல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அத எங்கையில குடுக்கல தம்பி. அது ஒண்ண மட்டும் அவரே கழுவினாரு. கதவச் சாத்திக்கிட்டு."

கட்டுக்கலையிலிருந்து திருகோணமலை வீதிவரை எப்படி நடந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. காசிம் நானா கடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுப் படத்துக்கு என்ன கண்ணாடி போட்டீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாஸ்டர் எந்த நாளும் அவர்ர கண்ணாடி அவரே கொண்டு வருவார் தம்பி. நான் சட்டம் மட்டுந்தான். உங்கட படத்துக் கண்ணாடி எனக்கு நல்லா ஞாபகம் ஈக்கிது. அடி ஓரத்துல கறுப்பா ஒரு பட்டை ஈந்திச்சி. 'சொரண்டித் தரவா மாஸ்டர்?'ன்டு கேட்டேன். கையப் புடிச்சிட்டார். 'வேணாம் நானா, அது சட்டத்துக்குள்ள போகட்டும்'ன்டார்."

வீட்டுக்குப் போய்ப் படத்தை இறக்கினேன். மாலையைக் கழற்றினேன். பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியை வெளியே எடுத்தேன். மூன்று ஓரமும் சுத்தம். அடி ஓரத்தில், சட்டத்தின் மரம் மூடியிருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு உரிக்காமல் விட்டிருந்தார். இத்தனை வருடமும் அவள் சிரித்த கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் நான் விளக்கேற்றியிருக்கிறேன். அதனூடாகத்தான் அந்தத் தெரியாத பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஓரத்தை மட்டும் காகிதத்தில் படமாக எடுத்தேன். நீளமான ஒரு கீற்று. இடப்பக்கம் ஒரு கதிரைக் கால். நடுவில் சேலைக் கரை. அதற்குக் கீழே கமலத்தின் வலது பாதம், ஐந்து விரல்களும் உள்ளுக்குச் சுருண்டபடி.

கூட்டத்தில் நீங்கள் அவரைப் பெரிய கலைஞர் என்பீர்கள். நானும் மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தீர்மானிக்க அவர் யார்? என் மனைவியின் சிரிப்பை வெந்நீரில் உரித்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கு என் இலையில் பலகாரம் வைத்துப் பத்திரமா இருக்கு என்றாரே, அந்த வாயை நான் எப்படி மறப்பேன்? கேட்டிருக்கலாம். நான் இல்லை என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை. முழுவதையும் உரித்திருந்தாலாவது நான் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். தான் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தார் என்பதற்கு அந்த விரல் அகலம் சாட்சி. என் பதிலை மறக்காமல் வைத்திருந்தார் என்பதற்கும் அதுவே சாட்சி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனிதர் வழியில் நிற்கிறார்.

அவர் தீட்டிய படத்தைக் கண்ணாடி இல்லாமலே மறுபடி மாட்டிவிட்டேன். தூசி படியட்டும். கீற்றுப் படம் ஸ்டூடியோவில், நான் மூக்குத் திருத்தும் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முத்துவேல் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நேற்றுக் காசிம் நானா வந்து நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதுக்கும் ஒரு சட்டம் அடிப்பமா தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். சட்டம் அடித்தால் ஓரம் மறைந்துவிடும்.